ரயில் காரிடாரில் நாயோடு நடக்க: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மலாயா ரயில் தஞ்சோங் பகார் வரை வருவது 2011-இல் நின்றது. தண்டவாளம் கிடந்த 24 கிலோமீட்டர் நிலம் இன்று சிங்கப்பூரின் ரயில் காரிடார் என்ற பசுமைப் பாதை. நடப்பவர், ஓடுபவர், சைக்கிள்காரர், தள்ளுவண்டியில் குழந்தை என எல்லாருக்கும் ஒரே தடம். நாயைக் கண்டாலே நடுங்குகிறவரும் அதில் நிம்மதியாகப் போய்வர வேண்டும். நாய் வைத்திருப்பவரின் முதல் கடமை அதுதான் என்பது என் எண்ணம்.

படி 1: புறப்படும் முன்

மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு உரிமம் கட்டாயம். கயிறு ஒன்றரை மீட்டர் போதும். இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு வேண்டவே வேண்டாம். நாய் ஓர் ஓரத்திலும் நீங்கள் மறு ஓரத்திலும் நின்றால், இடையே கிடக்கும் மெல்லிய கயிறு சைக்கிளில் வருபவர் கண்ணுக்குத் தெரியாது. பிட்புல் போன்று சட்டம் பட்டியலிட்ட இனங்களுக்கு வாய்மூடியும், 2 மீட்டருக்கு மிகாத கயிறும் வேண்டும்.

வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எந்தப் பக்கம் நடப்பது

இடது ஓரமாக நடங்கள். நாய் உங்களுக்கும் இடப்புறம், புல்லை ஒட்டி வரட்டும். அப்போது கடந்து போகிறவருக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் இருப்பீர்கள்.

படி 3: எதிரே ஆள் வந்தால்

“பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லத்தான் நமக்கு வாய் வரும். நம் நாயை நமக்குத் தெரியும், எதிரே வருபவருக்குத் தெரியாது. சிறு வயதில் கடிபட்டவருக்கு அந்த வார்த்தையால் என்ன ஆறுதல்? பேசுவதற்கு முன்பே கயிற்றைக் கையில் சுற்றிச் சுருக்குங்கள். புல்லில் இறங்கி நின்று நாயை உட்கார வையுங்கள். அவர் கடந்த பிறகு நடையைத் தொடருங்கள்.

இங்குள்ள முஸ்லிம்கள் பலருக்கு நாயின் எச்சில் பட்டால் முறைப்படி கழுவித் தூய்மை செய்வது மார்க்கக் கடமை. அவர்கள் ஒதுங்குவதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாயின் மூக்கு அவர்கள் உடையில் படாத தூரத்தில் நாமே விலகி நிற்போம்.

குழந்தை தடவிப் பார்க்க ஆசைப்பட்டால் பெற்றோர் சரி என்ற பிறகே அருகில் விடுங்கள். எதிரே இன்னொரு நாய் வந்தாலும் அப்படியே, உரிமையாளரைக் கேட்டுவிட்டுத்தான் பழக விட வேண்டும்.

படி 4: கழிவை அள்ளுவது

புதருக்குள் போனதும் கழிவுதான், அதையும் அள்ள வேண்டும். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீரைச் சேகரிக்கும் பகுதி. இங்கே மழையில் கரைவது கால்வாய் வழியே, நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்தை நோக்கிப் போகிறது. முடிச்சிட்ட பையை மரத்தடியில் விட்டுவிட்டு, திரும்பும்போது எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். குப்பைத்தொட்டி வரும்வரை கையோடு கொண்டுபோங்கள்.

படி 5: குரங்குகள் உள்ள பகுதி

புக்கிட் தீமா அருகே நீண்ட வால் குரங்குகள் வரும். பிளாஸ்டிக் பையைக் கண்டால் அவை தீனி என்று நினைக்கும். அதனால் கழிவுப் பையையும் தோள்பைக்குள் வையுங்கள். நாய் குரைத்தால் கயிற்றைச் சுருக்கி, ஓடாமல், வந்த வழியே மெல்லப் பின்வாங்குங்கள். அங்கிருந்து புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதிக்குள் போகும் கிளைப்பாதைகளில் நாயோடு ஏறக்கூடாது. அங்கே செல்லப்பிராணிகளுக்கு அனுமதியில்லை.