நோன்பும் சர்க்கரை நோயும்: கேட்டுத் தெரிந்து நோன்பு வைப்போம்



ரமலான் வந்தால் கோவளம், செங்கல்பட்டு பகுதிகளில் நம் முஸ்லிம் சகோதரிகள் நோன்பு வைப்பார்கள். சஹர் சாப்பிட்ட பிறகு சுமார் 13 மணி நேரம் தண்ணீர்கூட கிடையாது. சர்க்கரை நோய் இருந்தால் இதில் இரண்டு ஆபத்து. பகலில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். நோன்பு திறந்ததும் ஒரேயடியாகச் சாப்பிட்டால் ஏறிவிடலாம்.

முதலில் டாக்டரிடம் கேட்போம்

ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்க வேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் அது வழக்கமான சாப்பாட்டு நேரத்துக்கு எழுதியது. நோன்புக்கு நேரமும் அளவும் மாறும். நாமாகவே நிறுத்தவோ மாற்றவோ கூடாது. கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், அடிக்கடி சர்க்கரை இறங்குபவர்கள் நோன்பு வைக்காமல் இருப்பதே நல்லது.

என்ன சாப்பிடலாம்?

* சஹரை விடக்கூடாது. கடைசி நேரத்தில் சாப்பிடுவது நல்லது. கோதுமை, கேழ்வரகு, பயறு, முட்டை, காய்கறி மெதுவாகச் செரிக்கும்.
* நோன்பு திறக்க ஒன்றிரண்டு பேரீச்சம்பழமும் தண்ணீரும் போதும்.
* பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியில் பருப்பும் வெந்தயமும் இருந்தாலும் அது அரிசிக் கஞ்சிதான். ஒரு கிண்ணம் குடிக்கலாம். அதோடு வடை, சமோசா, சர்பத் வேண்டாம்.
* இரவில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறையக் குடிக்க வேண்டும்.

எப்போது நோன்பை விட வேண்டும்?

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். "இன்னும் ஒரு மணி நேரம்தானே, பொறுத்துக்கிறேன்" என்று இருந்தால் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். பரிசோதனையில் 70-க்குக் கீழே போனாலும் 300-க்கு மேலே போனாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்றே மார்க்க அறிஞர்கள் பலரும் சொல்கிறார்கள்.

நோயாளிகளுக்குக் குர்ஆனே சலுகை தருகிறது. பிறகு நோன்பு வைக்கலாம். முடியவே முடியாதவர்கள் ஏழைகளுக்கு உணவளிக்கலாம். அதனால் நோன்பை விடுவது குற்றமல்ல, வெட்கமும் அல்ல.

குழுவில் பேசுவோம்

1. நம் குழுவில் சர்க்கரை நோயோடு நோன்பு வைப்பவர் யார்? டாக்டரிடம் கேட்டாரா?
2. மத்தியானக் கூட்டத்தில் ஒரு சகோதரிக்குக் கை நடுங்கினால் நாம் என்ன செய்வோம்?