பச்சைக் கலத்தில் வண்ணம் தீட்டப் போகிறவளுக்கு

கண்ணு, சூளை காணாத கலத்தின் மேல் அண்டர்கிளேஸ் (கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் நிற்கும் வண்ணம்) தீட்டத் தொடங்குகிறாய் என்று கேள்விப்பட்டேன். என் கைக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. முதலில் கலத்தைத் தொடப் பழகு. விளிம்பைப் பிடித்துத் தூக்காதே. அடியில் ஒரு கை, பக்கத்தில் ஒரு கை. எனக்குக் கற்றுத்தந்தவர், புதிதாக வருகிறவர்களுக்குத் தூரிகையே தரமாட்டார். உலர்ந்த கலங்களைப் பலகை மாற்றி அடுக்கச் சொல்வார். அந்த வேலையில் சலித்துக்கொண்டவர்கள், பிறகு வண்ணத்திலும் அவசரப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

2. பதம் பார். விரல் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. நகம் கீறினால் கோடு விழவேண்டும். அந்தப் பதத்தில் தீட்டினால் மண்ணோடு சேர்ந்து வண்ணமும் சுருங்கும். முழுக்க உலர்ந்த கலம் தூரிகையின் ஈரத்தை அப்படியே உறிஞ்சிவிடும், கோடு இழுபடும். ஒரே இடத்தில் நீரைத் தேக்கினால் கலம் விரிசல் விடும். வஞ்சனையால் சேர்த்த பொருள் நிற்காது என்பதற்கு வள்ளுவர் காட்டியது, சுடாத மண்கலத்தில் ஊற்றிவைத்த நீரை. தூரிகை கொண்டுவருவதும் நீர்தான்.

3. மெல்லிய பூச்சாக மூன்று முறை. ஈர மினுக்கம் அடங்கிய பிறகே அடுத்த பூச்சு. ஒரே தடவையில் அப்பினால் உரிந்து விழும். பதறாத காரியம் சிதறாது.

4. கண்ணுக்குத் தெரியும் நிறத்தை நம்பிவிடாதே. கோபால்ட் ஆக்சைடு தீட்டும்போது கறுப்பு; கிளேஸுக்கு அடியில் வெந்த பிறகே நீலம். சீனாவின் ஜிங்டெசென் நகரில் சுடாத பீங்கான் மேலேயே கோபால்ட் தீட்டி, அதன்மேல் கிளேஸ் பூசி, ஏறத்தாழ 1300 டிகிரியில் ஒரே சூட்டில் முடித்தார்கள். 1351-இல் செய்த நீல வெள்ளை ஜாடிகள் இரண்டு இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவற்றில் டிராகனை வரைந்தவர் கையில் இருந்தது கறுப்பு; மனதில் இருந்தது நீலம். எத்தனை சூளை பார்த்த பிறகு அந்தத் துணிச்சல் வந்திருக்கும்! உனக்கும் அது வரவேண்டுமானால் சோதனை ஓடுகள் செய். ஒவ்வொரு வண்ணத்தையும் நீ போடப்போகும் கிளேஸோடு சுட்டு, பின்புறம் எண் எழுது. குரோம் சேர்ந்த இளஞ்சிவப்பு, துத்தநாகம் உள்ள கிளேஸின் கீழ் பழுப்பாகிவிடும். கெட்டுப்போன ஓட்டை ஒளிக்காதே, அதையும் குறிப்பேட்டில் எழுது. உன் குறிப்பேட்டில் நீ நேர்மையாக இருந்தால்தான் உன் கோடு உறுதியாக வரும்.

5. அழிக்கப் பயப்படாதே. சுடும்வரை தவறிய வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிடலாம். வேண்டுமென்றே கீறி, அடிமண் தெரியும்படி சித்திரமும் செய்யலாம். ஆனால் ஒன்றைக் கண்டிப்போடு சொல்கிறேன். சுரண்டிய தூளை வாயால் ஊதாதே, காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதே. அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும். ஈரப் பஞ்சால் துடைத்தெடு. உன் உடம்பைவிட எந்தக் கலமும் பெரிதில்லை.

6. சூளைக்கு அவசரப்படாதே. கலத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்; சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் ஆவியாகி வெடிக்கும். புதுச்சேரியில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாளில் வழக்கத்தைவிட நெடுநாள் காத்திரு. முதல் சூடு ஏறத்தாழ 1000 டிகிரி, மெதுவாக ஏற்று. ஆறிய பின் வண்ணம் விட்டுப்போன இடம் தெரிந்தால், தூசு துடைத்து அங்கே தொட்டுத் தீட்டு. அது நன்றாக உலர்ந்ததும் கிளேஸ் போடு.