எழுதியது யார் என்று மென்பொருளுக்குத் தெரியுமா?

கல்லூரியில் அசைன்மென்ட் திருத்துகிற வேலை 2022 நவம்பர் 30-க்குப் பிறகு வேறாகிவிட்டது. சாட்ஜிபிடி வெளிவந்த நாள் அது. பக்கத்துப் பெஞ்சு நோட்டைப் பார்த்து எழுதியதா, சீனியரின் பழைய புராஜெக்டா என்பதோடு முன்பெல்லாம் சந்தேகம் நின்றுவிடும். இப்போது நன்றாக எழுதிய பிள்ளை மீதுதான் முதல் சந்தேகம். கூடவே சில நம்பிக்கைகளும் வகுப்புக்குள் நுழைந்துவிட்டன. பாதி மாணவர்களுடையவை, மீதி ஆசிரியர்களுடையவை.

“ஏஐ எழுதியதா என்று பார்க்க மென்பொருள் இருக்கிறது. போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.”

ஆசிரியர் பக்கத்து நம்பிக்கைகளில் மிக ஆபத்தானது இது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அவர்களுடைய சோதனையில் ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர்கள் எழுதியவற்றில் 9 சதவீதத்தின் மீது வீண்பழி போட்டது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் அவர்களே எடுத்துவிட்டார்கள். பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை!

அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் கருவிகள் ஏறக்குறையத் தவறவே இல்லை. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோதோ, சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை ‘ஏஐ எழுதியது’ என்றன.

காரணம் புரியாத ஒன்றல்ல. ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று ஊகிப்பது எவ்வளவு எளிது என்பதைத்தான் அந்தக் கருவிகள் முக்கியமாகப் பார்த்தன. எளிதாக ஊகிக்க முடிந்தால் இயந்திரம், முடியாவிட்டால் மனிதர். நம் ஊர் ஆங்கிலக் கட்டுரையை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். பள்ளியில் நோட்ஸை மனப்பாடம் செய்தே வளர்ந்த பிள்ளை, என்ன தலைப்பு கொடுத்தாலும் ‘இன் திஸ் மாடர்ன் வேர்ல்டு’ என்று ஆரம்பிக்கும். இரண்டாம் வரிக்குள் ஏதோ ஒன்று ‘பிளேஸ் எ வைட்டல் ரோல்’ ஆகிவிடும். அடுத்த வரி என்னவென்று எனக்கே தெரியும்போது மென்பொருளுக்குத் தெரியாதா? அந்தப் பிள்ளை யாரையும் ஏமாற்றவில்லை. நாம் சொல்லிக்கொடுத்தபடி எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்ட்டில், ஒப்புமை பார்க்கும் டர்னிட்டின் மென்பொருளில் உள்ள ஏஐ கண்டறியும் வசதியை நிறுத்தியபோது ஒரு கணக்கைக் காட்டியது. முந்தைய ஆண்டு அங்கே டர்னிட்டினுக்குப் போன கட்டுரைகள் 75,000. பிழை வெறும் 1 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 750 கட்டுரைகள் மீது பொய்க் குற்றச்சாட்டு விழும்.

அப்படியானால் என்ன செய்வது? சந்தேகம் வந்தால் மாணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “மூன்றாம் பத்தியில் இப்படிச் சொல்லியிருக்கிறாயே, ஏன்?” என்று கேளுங்கள். சொந்தமாக எழுதியவர் திக்கித் திணறியாவது சொல்லிவிடுவார். அறுபது பேர் இருக்கிற வகுப்பில் நடக்கிற காரியமா என்பார்கள். சந்தேகத்துக்குரிய நாலைந்து பேரைக் கேட்டால் போதுமே. மாணவர்களுக்கும் ஒன்று: கூகுள் டாக்ஸில் எழுதினால் அதன் பதிப்பு வரலாறு, எழுதியது அழித்தது மாற்றியது என ஒவ்வொரு கட்டத்தையும் நாள், நேரத்தோடு வைத்திருக்கும். பழி வந்தால் அதைத் திறந்து காட்டலாம். முழுக் கட்டுரையும் ஒரே தடவையில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் அது காட்டும் என்பது வேறு விஷயம்.

“சிமிலாரிட்டி 10 சதவீதத்துக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை.”

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளிலிருந்து கிளம்பிய நம்பிக்கை இது. ஆய்வேட்டில் பிற எழுத்துகளோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை திருத்தித் தர வேண்டும். 60 வரை ஓராண்டுத் தடை. அதற்கு மேல் பதிவே ரத்து. எண்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பிறருடைய எழுத்தை மட்டுமல்ல, கருத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதும் திருட்டுதான் என்று அதே விதிமுறை சொல்வதைத்தான் யாரும் படிப்பதில்லை. மென்பொருள் பார்ப்பது ஒத்த சொற்களை. ஆங்கிலக் கட்டுரை ஒன்றைக் கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டுத் தமிழாக்கி, பெயர் எழுதிக் கொடுத்தால் சிமிலாரிட்டி பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் வரும். திருட்டு முழுசாக அப்படியே இருக்கும். மாறாக, ஆசிரியர் பெயரோடு மேற்கோள் குறிக்குள் முறையாகக் கொடுத்த பகுதிகளும் நூற்பட்டியலும் கணக்கில் வரக்கூடாதவை. மென்பொருளில் அவற்றை நீக்கச் சொல்லாமல் ஓட்டினால் நேர்மையான மாணவருக்கு எண் எகிறும்.

“ஏஐ ஆதாரத்தோடுதானே சொல்கிறது?”

2023-இல் நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்தின் மீது நடந்த வழக்கில், வழக்குத் தொடுத்தவரின் வழக்கறிஞர் சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை மனுவில் அடுக்கினார். தேடினால் அப்படி எந்தத் தீர்ப்பும் இல்லை. “இவை உண்மையானவைதானா?” என்று அவர் சாட்ஜிபிடியையே கேட்டிருக்கிறார், ஆமாம் என்று அதுவும் சொல்லியிருக்கிறது. நீதிபதி கெவின் காஸ்டல் விதித்த அபராதம் 5,000 டாலர்.

வழக்கறிஞருக்கு நேர்ந்தது இளங்கலை மாணவருக்கும் நேரும். புறநானூறு 412 என்று எண் கொடுத்தால் நூலின் பெயரே பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும். 312 என்று கொடுத்து அதில் இல்லாத வரியைச் சொன்னால்? மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டத்தின் பக்கத்தையோ தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தையோ திறந்து பாடலைப் படித்தால்தான் தெரியும். ஆய்வேடு என்றால் ஷோத்கங்கா மின்தொகுப்பில் தேடலாம். நூல் என்றால் நூலகத்தில் கேட்கலாம். கண்ணால் பார்க்காத எதையும் நூற்பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

விக்கிப்பீடியா பக்கமே போகக்கூடாது என்கிற பழைய தடையும் இதே ‘மூலத்தைப் பார்’ என்ற அறிவுரை திரிந்து வந்ததுதான். போகலாம், அடிக்குறிப்பு வரை இறங்கி, அங்கே சுட்டியிருக்கும் மூலத்தைப் படித்து அதைக் காட்டினால் சரி. தன்னை நம்பகமான ஆதாரமாகக் கொள்ள முடியாது என்று விக்கிப்பீடியாவே சொல்கிறது.

“ஏஐயைத் தொட்டாலே குற்றம்” என்பது கடைசி. எழுத்துப்பிழை பார்ப்பதும் முழுக் கட்டுரையை வாங்கிக்கொள்வதும் ஒன்றல்ல. ஏஐ பொறுப்பேற்க முடியாது என்பதால் அதை ஆசிரியராகப் போடக்கூடாது, பயன்படுத்தியிருந்தால் சொல்லிவிட வேண்டும் என்று நேச்சர் ஆய்விதழ் 2023 ஜனவரியில் அறிவித்தது. கல்லூரிக் கட்டுரைக்கும் அதுவே போதும். “தலைப்பு யோசிக்க சாட்ஜிபிடியிடம் கேட்டேன், பிழை திருத்த கிராமர்லியைப் பயன்படுத்தினேன்” என்று அடியில் இரண்டு வரி. எதற்கு அனுமதி, எதற்கு இல்லை என்பதை ஆசிரியர் செமஸ்டரின் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். மதிப்பெண் போடும்போது சொல்லிப் பயனில்லை. அசைன்மென்ட் கேள்விகளையே ஏஐயிடம் வாங்கித் தருகிற ஆசிரியர்களும் கேள்வித்தாளின் அடியில் அந்த இரண்டு வரியை எழுதலாம்.