உயிரியலும் விசுவாசமும்: வாவிக்கரையில் ஒரு பாடம்

“மகள் உயர்தரத்துக்கு உயிரியல் எடுக்கப் போகிறாளாம். படித்தால் கடவுளை மறந்துபோவாளோ?” எமது வாசிப்பு வட்டங்களில் இக்கேள்வி பல தடவை கேட்கப்பட்டுள்ளது. கேட்கின்ற பெற்றோர் விஞ்ஞானத்துக்கு விரோதிகள் அல்லர். 1990 இலும், பின்னர் 2006, 2007 ஆம் ஆண்டுகளிலும் வயலையும் மாட்டையும் வீட்டையும் விட்டு வந்தவர்கள். எல்லாம் போன பின் கையில் மிஞ்சியவை பிள்ளையும் விசுவாசமும். ஒன்று மற்றொன்றைக் கொண்டுபோய்விடுமோ என்பதே அவர்களது பயம். ஆகவே இவ்விதழின் பாடத்துக்கு இக்கேள்வியையே எடுத்துக்கொள்கின்றோம்.

எமது பதிலை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். படிக்கட்டும், நன்றாகப் படிக்கட்டும். கிறிஸ்தவன் ஒருவன் உயிரியல் படிப்பதென்றால், கலத்தின் பகுதிகளை எழுதவேண்டிய இடத்தில் வேதவசனம் எழுதுவதல்ல. இறைவன் உண்டாக்கியதை உள்ளது உள்ளபடி பார்ப்பதும், அதற்குப் பெயர் சொல்வதும், அது எவ்வாறு இயங்குகின்றது என்று பொறுமையோடு விசாரிப்பதுமாகும்.

பெயரிடும் வேலை

ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்துவதற்கும் காப்பதற்கும் என்று அங்கே காண்கின்றோம். அடுத்து நடப்பது வியப்பானது. இறைவன் விலங்குகளையும் பறவைகளையும் மனிதனிடம் கொண்டுவந்து, அவன் என்ன பெயரிடுகிறான் என்று பார்க்கின்றார். பெயரைத் தாமே சொல்லிக் கொடுத்துவிடவில்லை. இன்று பள்ளிக்கூடத்தில் பாகுபாட்டியல் என்று படிப்பது இந்தப் பழைய வேலையின் தொடர்ச்சி எனலாம். அரசன் சாலொமோனின் ஞானத்தைப் பற்றிச் சொல்லுமிடத்திலும், கேதுரு மரம் முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்பு வரை அவன் பேசினான் என்றே வேதாகமம் கூறுகின்றது. மரம் செடிகளைப் பற்றிய அறிவும் ஞானத்தில் சேர்ந்தது.

இடம்பெயர்ந்தோர் இழந்தவற்றின் பட்டியலில் பெயர்களை எவரும் எழுதுவதில்லை. படிவத்தில் வீடு, கிணறு, மாடு, நீரிறைக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் இடமுண்டு. ஆனால் முகாமிலும் பின்பு ரவுண் ஓரத்திலும் வளர்ந்த பிள்ளை, கண்டல் எது, கண்ணா எது, தில்லை எது என்று அறியாது. அதற்கு எல்லாம் “மரம்” தான். தில்லையின் பால் கண்ணில் பட்டால் என்னவாகும் என்பதைக்கூட அது அறிந்திராது. பாட்டனாருக்கு அது ஐந்து வயதிலேயே தெரிந்திருந்தது. பெயர் தெரியாத ஒன்றைக் காக்கும்படி பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

பாடுவது யார்?

“மீன்பாடும் தேனாடு” என்று சொல்லாத மேடை மட்டக்களப்பில் இல்லை. ஆனால் பாடுவது மீன்தானா?

1848 செப்டெம்பரில், அந்நாளில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் மட்டக்களப்புக்கு வந்தார். நிலவு காயும் அமைதியான இரவில், கோட்டைக்கு அருகே வாவியில் தோணியிலிருந்து அந்த ஒலியைக் கேட்டார். நனைந்த விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழுவது போன்ற ஒலி. ஒரே நீண்ட ஒலியல்ல, தனித்தனியே பிரித்தறியக்கூடிய பல சிற்றொலிகள். தோணியின் பலகையில் காதை வைத்தபோது அது பன்மடங்கு பெரிதாகக் கேட்டது. ஓரிடத்தில் கூடி இன்னோரிடத்தில் குறைந்தபடியால், வாவியின் அடியில் குறிப்பிட்ட இடங்களிலிருந்தே வருகின்றது என்று அவர் எண்ணினார். இவற்றையெல்லாம் 1861 இல் வெளிவந்த தமது இயற்கை வரலாற்று நூலில் எழுதியும் வைத்தார்.

அவர் விசாரித்தது எமது மீனவர்களிடம். அவர்கள் மீன் என்று சொல்லவில்லை, “ஊரி” என்றார்கள். அழுகின்ற ஊரி என்று பெயரும் சொல்லி, ஊரியை எடுத்தும் காட்டினார்கள். கோடையில் கேட்கும், மாரி வெள்ளம் வாவியை நிரப்பினால் நின்றுவிடும் என்பதும் அவர்கள் சொன்னதே. ஆங்கிலேயர் வந்து கண்டுபிடித்தார் என்று கதை சொல்வோர் இதைக் கவனிக்கவேண்டும். கண்டு, பெயரிட்டு, காலமும் குறித்து வைத்திருந்தவர்கள் தோணிக்காரர்கள். அவர் செய்தது கேட்டு எழுதியது. அதுவும் பெரிய வேலைதான்.

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில், மட்டக்களப்பில் பணியாற்றிய யேசு சபைக் குருவான லாங் அடிகளார் இவ்வொலியைப் பதிவு செய்தார். வானொலியிலும் அது ஒலிபரப்பானது. திருப்பலி நிறைவேற்றுகின்ற குரு ஒலிப்பதிவுக் கருவியோடு இரவில் வாவிக்குப் போவதா என்று அன்று யாராவது கேட்டிருக்கலாம். எமக்கோ அது அவரது அழைப்புக்குப் புறம்பான வேலையாகத் தோன்றவில்லை.

இன்று நாம் அறிவது இதுவே. பல மீன்கள் தமது வாயுப்பையைத் தசைகளால் அதிரச் செய்து ஒலி எழுப்புகின்றன. பிடிபட்ட கெளிறு “கொர்” என்று சத்தமிடுவதைக் கேட்காத பிள்ளை கரையூர்களில் இல்லை. ஊரியிடமோ அப்படிப்பட்ட ஒலியுறுப்பு காணப்படவில்லை. ஆகவே மீன் என்பதற்கே நியாயம் கூடுதலாக இருக்கின்றது. ஆனால் எந்த மீன் என்று எல்லோரும் ஏற்கும் முடிவு இன்னும் இல்லை. வாவியின் பெயர்போன கேள்வி, வாவிக்கரைப் பிள்ளைகளில் ஒருவருக்காகக் காத்திருக்கின்றது.

“கடவுள் பாட வைக்கிறார், அதுபோதும்” என்று சிலர் சொல்வார்கள். அது பொய்யான பதில் அல்ல. ஆனால் எந்தக் கேள்விக்குப் பதில் என்பதைப் பார்க்கவேண்டும். வயலுக்குத் தண்ணீர் ஏன் வந்தது என்று பிள்ளை கேட்கிறது. உன்னிச்சைக் குளத்தின் மதகைத் திறந்தபடியால் வந்தது என்பது ஒரு பதில். போகத்துக்கான ஆரம்பக் கூட்டத்தில் அப்படித் தீர்மானித்தபடியால் வந்தது என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை. மதகைப் பற்றிச் சொன்னவன் கூட்டத்தை மறுத்தவனாகான். கூட்டத்தைப் பற்றி மட்டும் தெரிந்தவனால் மதகைப் பழுதுபார்க்கவும் முடியாது. உயிரியல் மதகைப் பற்றிய படிப்பு.

துறவியின் பட்டாணியும் உப்பு நிலத்து நெல்லும்

பரம்பரையலகு பற்றிய பாடத்தைப் படிக்கும் பிள்ளைகள் மெண்டல் என்ற பெயரைக் காண்பார்கள். அவர் அகுஸ்தீன் சபைத் துறவி என்பதைச் சில ஆசிரியர்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். அவர் கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை என்பதை இன்னும் அதிகமானோர் விட்டுவிடுகின்றனர். இன்றைய செக் நாட்டிலுள்ள பிர்னோ நகரின் துறவிமடத்துத் தோட்டத்தில், 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்துப் பார்த்தார். உருண்டை விதையையும் சுருங்கிய விதையையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அடுத்த தலைமுறையில் விதைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்: 5474 உருண்டை, 1850 சுருங்கியவை. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. முதல் தலைமுறையில் மறைந்தது அழிந்துபோகவில்லை, உள்ளே இருந்தது என்பது அந்த எண்ணிக்கையிலிருந்து வெளிப்பட்டது. 1865 இல் அதை வாசித்தார், 1866 இல் அச்சேறியது, அவர் 1884 இல் இறக்கும்வரை உலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1900 இல்தான் அதன் பெறுமதி தெரிந்தது.

துறவி என்பதற்காகப் பட்டாணி அவருக்கு வேறு கணக்குக் காட்டவில்லை. நம்பிக்கை இல்லாதவர் எண்ணினாலும் அதே கணக்குத்தான் வரும். விசுவாசம் அவருக்கு வேறொன்றைக் கொடுத்திருக்கலாம் என்று நாம் நினைக்கின்றோம்: படைப்பில் ஒழுங்கு இருக்கும் என்ற நம்பிக்கையும், ஆயிரக்கணக்கில் எண்ணும் பொறுமையும்.

அந்தத் தோட்டத்துக்கும் எமது வயலுக்கும் என்ன தொடர்பு? உங்களில் மூத்தவர்கள் எச்-4 நெல்லை மறந்திருக்க மாட்டீர்கள். பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் முருங்கக்காயன் 302 என்ற எமது நாட்டு இனத்தையும் மாஸ் என்ற இனத்தையும் கலந்து 1958 இல் வெளியிடப்பட்டது அது. முகத்துவாரம் வழியாக வரும் உப்புநீர் ஏறிய ஓரக் காணிகளுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஏ.ரி. 354. கேரளக் கரையின் உவர் நிலங்களில் தலைமுறை தலைமுறையாக விதைக்கப்பட்ட பொக்காளி நெல்லை எமது பீ.ஜீ. 94-1 உடன் கலந்து பெற்ற இனம்; 1992 இல் வெளிவந்தது. உப்பைத் தாங்கும் குணம் ஆராய்ச்சிசாலையில் உண்டானதல்ல. எழுதப் படிக்கத் தெரியாத கமக்காரர் பலர் விதை தெரிந்தெடுத்து வைத்திருந்த குணம் அது. மெண்டலின் கணக்கைப் படித்தவர்கள் அதை எடுத்துச் சேர்த்தார்கள்.

உப்பை வெல்லும் வழிகளைப் பார்க்க ஆராய்ச்சி நிலையம் வரை போகவும் தேவையில்லை. வாவிக்கரைக் கண்ணா இலையின் அடிப்பக்கத்தை நாவால் தொட்டுப் பாருங்கள், உப்புக் கரிக்கும். உள்ளே வந்த உப்பை அது இலைவழியே வெளியே தள்ளுகின்றது. கண்டலோ உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகின்றது. அதன் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீண்ட முளையாக வளர்ந்து, பின்பே சேற்றில் விழுகின்றது. (தில்லையைத் தொடவேண்டாம்; பிள்ளைகளோடு போகும் பெரியவர்கள் அதை முதலில் காட்டிக் கொடுக்கவேண்டும்.) போர்க்காலத்தில் பாதுகாப்புக்கென்று வீதியோரக் கண்டல்கள் வெட்டப்பட்டதை நாம் கண்டோம். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்கி வளரும் இடம் அது என்பதைப் பாடமாகப் படித்த பிள்ளை, விறகுக்கு வெட்டும் கத்தியையும் சற்று யோசித்தே எடுக்கும்.

கூர்ப்பு என்ற அதிகாரம்

பெற்றோரின் பயம் உண்மையில் இந்த ஓர் அதிகாரத்தைப் பற்றியது. அதைச் சுற்றிப் போகாமல் நேரே பேசுவோம்.

வயலிலிருந்தே தொடங்கலாம். அறக்கொட்டியான் விழுந்த வயல் வட்டம் வட்டமாக எரிந்ததுபோல் கருகுவதை நீங்கள் அறிவீர்கள். மருந்து அடித்தால் பெரும்பாலானவை சாகும். இயல்பாகவே சற்றுத் தாங்கக்கூடிய சில தப்பும். முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை அதற்கு ஒரு மாதமளவே போதும். தப்பியவற்றின் குஞ்சுகளே அடுத்த முறை வயலை நிரப்பும். சில போகங்களில் “மருந்து வேலை செய்யவில்லை” என்கிறோம். மருந்து அதேதான், மாறியது பூச்சிக் கூட்டம். 1973 இல் பிலிப்பைன்சில் வெளியிடப்பட்ட ஐ.ஆர். 26 என்ற நெல் இப்பூச்சியை எதிர்த்து நின்றது. சில ஆண்டுகளுக்குள் அதையும் உண்ணும் பூச்சிகள் பெருகிவிட்டன. இயற்கைத் தேர்வு என்று புத்தகம் சொல்வது இதைத்தான். இதை நம்புவதா வேண்டாமா என்று கேட்பதற்கு முன், வரம்பில் நின்று கண்டது நீங்களே.

இவ்வளவு சிறிய மாற்றங்கள் நீண்ட காலத்தில் சேர்ந்து புதிய இனங்களாவதும், எல்லா உயிர்களும் உறவுடையவை என்பதும் அதன் அடுத்த படி. இதற்குச் சான்று பலமானது. பாறைகளிலிருந்தும் பரம்பரையலகுகளிலிருந்தும் அது வருகின்றது. இதைப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1950 இல் ஆராய்ச்சிக்குரிய விடயமாகத் திறந்துவிட்டார். 1996 ஒக்டோபரில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், கூர்ப்பு வெறும் ஊகம் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று திருப்பீட விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதினார். ஆறு நாட்களை இருபத்துநான்கு மணித்தியால நாட்களாக வாசிக்கும் சபைகளும் எம்மிடையே உண்டு. அவர்கள் எமது சகோதரர். அவர்களோடு வழக்காடுவது எமது நோக்கமல்ல. ஆனால் சூரியன் நான்காம் நாளில்தானே உண்டாயிற்று, முதல் மூன்று நாட்கள் எவ்வகை நாட்கள் என்ற கேள்வி டார்வினுக்குப் பிறகு வந்ததல்ல. 1600 ஆண்டுகளுக்கு முன் அகுஸ்தீனாரே அதைக் கேட்டார். இயற்கையைப் பற்றித் தெரிந்தவர்கள் முன்னால் கிறிஸ்தவர் தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசி வேதத்தை நகைப்புக்கு உள்ளாக்கக்கூடாது என்று எச்சரித்தவரும் அவரே.

ஒரு காரியத்தில் மட்டும் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். மனிதன் வெறும் விலங்கு, பலமுள்ளவன் வாழ்வான், பலமற்றவன் போகட்டும் என்று எவராவது உயிரியலின் பெயரால் சொன்னால், அது உயிரியல் அல்ல. அறக்கொட்டியான் எப்படிப் பெருகுகின்றது என்று சொல்லும் பாடம், அயலவரை எப்படி நடத்தவேண்டும் என்று சொல்வதில்லை. பலமற்றவர் என்று தள்ளப்பட்ட நாட்களை அனுபவித்த எமக்கு இந்த வேறுபாடு புத்தகத்திலிருந்து தெரியவேண்டியதில்லை. இதைப் பிள்ளைக்குச் சொல்வது பெற்றோரின் பங்கு, அதிகாரத்தைக் கிழிப்பதல்ல.

அடுத்த கூட்டத்துக்கு

வயல் உள்ளவர்கள் மருந்து அடிக்குமுன் பிள்ளைகளோடு வயலில் இறங்கி, பத்து இடங்களில் பயிரின் அடித்தண்டை விரித்துப் பார்த்து, அறக்கொட்டியான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்டு வாருங்கள். சிலந்தி அப்பூச்சியை உண்பது. மருந்து முதலில் கொல்வது பல வேளைகளில் சிலந்தியைத்தான். அந்த எண்ணிக்கையை விவசாயப் போதனாசிரியரிடமும் காட்டி, மருந்து தேவைதானா என்று கேளுங்கள்.

வயல் இல்லாதவர்களுக்கு வேறு வேலை. வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவர், விட்டு வந்த ஊரில் நின்ற பத்து மரஞ்செடிகளின் பெயரைச் சொல்லட்டும். பிள்ளை அதை எழுதி, ஒவ்வொன்றும் எங்கே நின்றது, எதற்குப் பயன்பட்டது என்று பக்கத்தில் குறிக்கட்டும். பள்ளிக்கூடத்து உயிரியல் ஆசிரியரிடம் கேட்டு அதன் விஞ்ஞானப் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். தென்னையும் மாவும் எல்லோருக்கும் தெரியும். அவற்றைத் தவிர்த்துப் பத்து வேண்டும்.