வீட்டில் ஒருவருக்கு 'பார்டர்லைன்' என்றால்

மன அழுத்தம், பரீட்சை பயம் பற்றியெல்லாம் நம் இதழில் பலர் எழுதிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது நம் வீடுகளில் பெயர்கூடச் சொல்லாத ஒரு நோய். தமிழில் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்கிறார்கள். மருத்துவமனையில் 'பார்டர்லைன்' அல்லது 'பிபிடி'. என் அக்காவுக்கு இது இருப்பதாக மூன்று வருடத்துக்கு முன் ஒரு மனநல மருத்துவர் சொன்னார். அக்காவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் இதைத் தருகிறேன். இரண்டு இடத்தை வெட்டச் சொன்னாங்க, வெட்டிவிட்டேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எங்கள் அத்தை கேட்டதும், "பார்டர்லைன்தானே, முழுசா வரலையே" என்று நிம்மதியானார். கிளினிக்கில் சர்க்கரை அளவுக்கு அப்படிச் சொல்வதைக் கேட்டுப் பழகியவர். இது அந்த 'பார்டர்லைன்' இல்லை. 1938-இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க மருத்துவர், அன்றைய மருத்துவம் பிரித்து வைத்திருந்த இரண்டு வகை மனநோய்களிலும் சேராமல் நடுக்கோட்டில் நின்ற நோயாளிகளைப் பற்றி எழுதினார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாகச் சேர்த்தார்கள். நோய் முழு நோய்தான்.

அந்தக் கையேடு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. அதில் ஐந்தாவது நீண்ட காலமாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம். அப்பா சுங்கை பட்டாணிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். போனில் பேட்டரி தீர்ந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒரு டிக் மட்டும். நமக்கு அது பேட்டரி. அக்காவுக்கு, அப்பா தன்னை ஒதுக்கிவிட்டார் என்பதற்கு ஆதாரம். நாற்பது மிஸ்டு கால் இருந்தது. அப்பா வீட்டுக்கு வந்தபோது நடந்த சண்டை பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. இதோடு இன்னும் சில: ஒருவரை இன்றைக்குத் தெய்வம் மாதிரி பார்ப்பது, நாளைக்கு அவரே எதிரி ஆவது, நான் யார் என்பதே அடிக்கடி மாறுவது, யோசிக்காமல் செலவு செய்வது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, எவ்வளவு ஆட்கள் சூழ இருந்தாலும் உள்ளே ஒரு வெறுமை. பைபோலார் நோயோடு நிறைய பேர் குழப்பிக்கொள்வார்கள். அதில் ஒரு மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும். இதில் பெரும்பாலும் சில மணி நேரம்தான். அதுவும் பெரும்பாலும் யாரோ ஒருவர் சொன்னதோ செய்ததோதான் தொடக்கமாக இருக்கும்.

ஏன் இப்படி? நான் படிப்பது பொறியியல், அதனால் எனக்குப் புரிந்த வழியில் சொல்கிறேன். மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் மூன்று விஷயம் சொன்னார். இவர்களுக்கு உணர்ச்சி சீக்கிரம் தூண்டப்படும், அதிக உயரத்துக்குப் போகும், பழைய நிலைக்குத் திரும்ப நேரமாகும். இதைப் படித்தபோது எங்கள் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தின் கிராஃப்தான் கண்ணில் வந்தது. அந்தப் பாடம் எடுக்காதவர்கள் அப்சார்பர் போன ஒரு பழைய கப்சாயை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் ஏறினால் நல்ல வண்டி ஒரு தடவை குலுங்கி நின்றுவிடும். இந்த வண்டி அடுத்த டிராஃபிக் லைட் வரை குதித்துக்கொண்டே போகும். முக்கியமானது என்னவென்றால், மேடு பொய் இல்லை. அது உண்மையிலேயே அங்கே இருக்கிறது. ஓட்டுபவர் நடிக்கவும் இல்லை.

லினஹன் இன்னொரு பாதியும் சொன்னார். இப்படிப்பட்ட சுபாவத்தோடு பிறந்த பிள்ளையிடம் சுற்றியிருப்பவர்கள் திரும்பத் திரும்ப, "இதுக்கெல்லாமா அழுவாங்க", "நடிக்காத" என்று சொல்லும்போது, தன் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கவும் அதை அடக்கவும் அது கற்றுக்கொள்வதே இல்லை. இந்த நோய் உள்ள நிறைய பேர் சின்ன வயதில் கொடுமையை அனுபவித்தவர்கள்; எல்லாரும் இல்லை. பரம்பரைக்கும் பங்கு உண்டு என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே "அம்மா வளர்ப்பு சரியில்ல" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதும் சொந்தக்காரர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

சொந்தக்காரர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது: சாமியாடி, மந்திரித்த கயிறு, கிரக தோஷம் எல்லாம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. வெள்ளிக்கிழமை அம்மா நெற்றியில் திருநீறு பூசிவிடுவது அக்காவுக்கு இன்றும் பிடிக்கும், அது இருக்கட்டும். ஆனால் "போன ஜென்மத்துக் கர்மா" என்று முகத்துக்கு நேராகச் சொல்வது வேறு. அவர் ஏற்கெனவே தன்னை வெறுப்பவர். கர்மாவைப் பற்றி நம் சமய வகுப்பில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், அவர் கட்டில் பக்கத்தில் வேண்டாம்.

இனி பேசும் விதம். இதுதான் இந்தப் பாடத்தில் பயிற்சி எடுக்க வேண்டிய பகுதி. அக்கா சொல்றாங்க: "எல்லாருமே என்னை வேணாம்னு நினைக்கிறீங்க." வழக்கமாக வீட்டில் வரும் பதில், "அப்படியெல்லாம் ஒன்னுமில்ல, நீயா கற்பனை பண்ணாத." அன்பாகச் சொன்னாலும் அது அவர் காதில் 'உன் வலி பொய்' என்றுதான் விழும். அதற்குப் பதில் நான் சொல்வது: "அப்பா போன் எடுக்காதப்ப ரொம்பப் பயந்துட்டீங்க, இல்லக்கா?" கவனியுங்கள், அப்பா ஒதுக்கிவிட்டார் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. பயம் உண்மை, அதை ஒத்துக்கொள்கிறேன். பயம் எழுதிய கதை உண்மையாக இருக்க வேண்டியதில்லை. அதை அப்போதே திருத்தவும் தேவையில்லை. குலுக்கல் அடங்கியபிறகு அவரே திருத்திக்கொள்வார்.

இன்னொரு பக்கம், எல்லை வேண்டும். "நான் பேசுறேன்க்கா. ஆனா சத்தம் போட்டா பத்து நிமிஷம் வெளியே நிப்பேன். திரும்பி வருவேன்." கடைசி இரண்டு வார்த்தைதான் உயிர். பத்து நிமிடம் என்றால் பத்தாவது நிமிடம் கதவைத் தட்ட வேண்டும், பதினைந்தாவது நிமிடம் இல்லை. வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சாகவும் இருக்க வேண்டும். அப்பா காசு இல்லை என்று சொல்லி, பாட்டி ரகசியமாக 50 வெள்ளி கொடுத்தால், சத்தம் போட்டால் கிடைக்கும் என்று நாமே பாடம் நடத்துகிறோம்.

தற்கொலைப் பேச்சு வந்தால் 'சும்மா மிரட்டுறாங்க' என்று தள்ளாதீர்கள். நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உடனடி ஆபத்து என்றால் 999. பேச ஆள் வேண்டுமென்றால் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைத்த காலம் போய்விட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவை 2023-இல் மலேசியாவில் நீக்கிவிட்டார்கள்.

குணமாகுமா? அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஸனாரினியின் குழு 290 நோயாளிகளைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தது. அதற்குள் 93 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் குறைந்து, அந்த நிலை குறைந்தது இரண்டு வருடம் நீடித்தது. அதே ஆய்வில் வேலை, உறவு எல்லாம் சேர்த்து முழுமையாக மீண்டவர்கள் பாதிப் பேர். இரண்டு எண்ணையும் அம்மாவிடம் சொன்னேன். முதல் எண்ணை மட்டும் அவர் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.

இந்த நோய்க்கென்றே தனி மாத்திரை கிடையாது. கூட வரும் மனச்சோர்வு, பதற்றத்துக்கு மருந்து கொடுப்பார்கள். முக்கிய சிகிச்சை பேச்சும் பயிற்சியும்தான். லினஹன் உருவாக்கிய டிபிடி என்ற முறையில், தன்னை ஏற்றுக்கொள்வதும் தன்னை மாற்றிக்கொள்வதும் ஒன்றாகக் கற்றுத்தரப்படுகிறது. அதில் உள்ள தியானப் பகுதியை அவர் ஜென் மரபிலிருந்து எடுத்தார். 2011-இல் அவரே, இளம் வயதில் தானும் இதே மாதிரி துன்பப்பட்டு மனநல மருத்துவமனையில் கிடந்ததை வெளியில் சொன்னார். நம் நாட்டில் எல்லா இடத்திலும் டிபிடி கிடைக்காது, கேட்டுப் பார்க்க வேண்டும். தொடக்கம் பக்கத்து அரசாங்கக் கிளினிக்; குடிமக்களுக்கு 1 வெள்ளி. அங்கிருந்து மனநல மருத்துவருக்குக் கடிதம் தருவார்கள்.

ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு, பிரிந்து போன காதலிக்கோ கோபக்கார நண்பனுக்கோ இந்தப் பெயரை ஒட்டாதீர்கள். கண்டுபிடிப்பது மருத்துவர் வேலை. வீட்டில் சந்தேகம் இருந்தால் "உங்களுக்கு நோய்" என்று தொடங்காமல், "தூக்கமே இல்லாம கஷ்டப்படுறீங்க, நான் கூட வர்றேன், போய்ப் பார்ப்போமா" என்று கேளுங்கள். அக்கா மூன்றாவது தடவை கேட்டபோதுதான் சரின்னு சொன்னாங்க. அன்றைக்குக் காரில் நாங்கள் ஒன்றும் பேசவில்லை. வழியில் மாமாக் கடையில் நிறுத்தி ஒரு தே தாரிக் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். எண் கூப்பிடும் வரைக்கும் அதைக் கையிலேயே வைத்திருந்தாங்க.