பால சபையில் ஒரு மாணவர்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ பள்ளி ஆண்டுவிழாவில் நடிக்கும் மாணவர்க்கு நாடகம் ஓரிரவு நிகழ்ச்சி. நூறாண்டுகளுக்கு முன்னர்ச் சிறுவர் சிலர்க்கு அதுவே முழுநேரக் கல்வி. 1918ஆம் ஆண்டு சங்கரதாசு சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் தி. க. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு.

பாட்டையும் உரையாடலையும் பிழையற ஒலிக்கும்வரை பயிற்றுவது அங்கு முறை. வீட்டைப் பிரிந்து, பகலில் பாடமும் இரவில் மேடையுமாக வாழ்வது பிள்ளைகளுக்கு எளிதன்று. அக்கடுமையை மறைத்து அச்சபைகளைப் புகழ்தல் தகாது. ஆயினும், சண்முகத்தின் திறன் கண்ட சுவாமிகள், அவர் நடிப்பதற்கென்றே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். வேடத்திற்கு நடிகரைத் தேடுவதே வழக்கம். இங்கோ மாணவருக்காக வேடம் பிறந்தது.

1922இல் சுவாமிகள் மறைந்தார். அன்று பத்து வயதினராயிருந்த அம்மாணவரே பின்னாளில் மூதாட்டி வேடமேற்று, ‘அவ்வை’ சண்முகம் எனப் பெயர் பெற்றார்.