‘சின்னப் பிள்ளைக்கு என்ன கவலை?’

2020 மார்ச்சில் கொரோனாவால் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. பெரிய வகுப்புப் பிள்ளைகளாவது இடையில் சில வாரம் போய்வந்தார்கள். ஒன்று முதல் எட்டு வரை படித்தவர்களுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளிக் கதவு திறந்தது. 19 மாதங்களுக்கும் மேலாக அவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அந்த நாட்களில் அவர்களைப் பற்றி நாம் உறுதியோடு சொன்ன பல விஷயங்கள் தவறு. இன்றும் அவற்றைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். இன்னொரு தொற்று வந்தால் அப்போதும் சொல்வோம் என்பதால் இப்போதே பேசிவிடுவது நல்லது.

“சாப்பாடு இருக்கு, வீடு இருக்கு. பிள்ளைக்கு என்ன கவலை?”

கொரோனாவின் முதல் ஆண்டில் பல நாடுகளில் 80,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட 29 ஆய்வுகளை ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும், ஐந்தில் ஒருவருக்குப் பதற்றத்தின் அறிகுறிகளும் இருந்தன. தொற்றுக்கு முந்தைய மதிப்பீடுகளைப் போல இது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இது நம் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகளின் மனச்சோர்வும் பதற்றமும் பல நேரங்களில் சோகமாக வெளிப்படுவதில்லை. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குக் காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. உடனே வீட்டில் “நடிக்கிறா” என்கிறார்கள். அவள் நடிக்கவில்லை, அந்த வலி உண்மையானது. பதற்றத்தில் குடல் இறுகுவது உடம்பின் இயல்பு. பதின்வயதில் இதுவே எரிச்சலாக மாறும். தம்பியை அடிப்பான், தட்டைத் தள்ளிவிடுவான், கேட்ட கேள்விக்குக் கத்துவான். நாம் அதைத் திமிர் என்று முடிவு கட்டிவிடுவோம். முன்பு பிடித்திருந்த எதுவும் இப்போது பிடிக்கவில்லை, தூக்கமும் சாப்பாடும் மாறிவிட்டன என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் திட்டுவதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும்.

“சாவைப் பற்றி குழந்தைகிட்ட சொல்லக் கூடாது”

நம் வீடுகளில் மிக ஆழமாக வேர்விட்ட நம்பிக்கை இது. மிகுந்த அன்பிலிருந்து பிறந்ததும் இதுதான். ஆனால் அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு அதிகக் காயம் தந்ததும் இதுவே என்பது என் எண்ணம்.

ஒன்பது வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். “தாத்தாகிட்ட போகாதே, உன்னால அவருக்கு வந்துடும்” என்று மாதக்கணக்கில் கேட்டிருக்கிறான். ஒருநாள் மறந்துபோய்க் கட்டிப்பிடித்துவிட்டான். பத்து நாளில் தாத்தாவை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது. அவர் திரும்பி வரவில்லை. உடலை மூட்டையாகக் கட்டி மருத்துவமனையிலிருந்து நேராக மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் கூட்டமும் இல்லை, பாடையும் இல்லை. கேட்டால் “ஊருக்குப் போயிருக்கார்” என்கிறார்கள். அந்தப் பையனுக்கு எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: தாத்தா தன்னால் செத்தாரா இல்லையா. அதை அவன் யாரிடமும் கேட்க முடியாது, ஏனென்றால் பெரியவர்களின் கணக்கில் யாருமே சாகவில்லை.

அவனிடம் நேராகவே சொல்லலாம். “தாத்தா இறந்துட்டாருப்பா. அவர் உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனி வரமாட்டார். யார்கிட்ட இருந்து அவருக்கு வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. நீ பாசமா கட்டிப்பிடிச்சது தப்பே இல்ல.” “தூங்குறார்” என்று மட்டும் சொல்லக் கூடாது. ஐந்து வயதுக் குழந்தை அதை அப்படியே நம்பும், பிறகு தூங்கப் பயப்படும். படத்துக்குப் பூ வைப்பது, விளக்கேற்றுவது, பதினாறாம் நாள் காரியத்தில் உடன் நிற்பது என எல்லாவற்றிலும் பிள்ளை விரும்பினால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டால் நாலு தடவையும் பதில் சொல்லுங்கள். அழுகை வந்தால் அவன் முன்னால் நீங்களும் அழலாம்.

2020 மார்ச்சிலிருந்து 2021 ஏப்ரல் வரையிலான காலத்தில் மட்டும் உலகெங்கும் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோரையோ, உடன் வாழ்ந்த தாத்தா பாட்டியையோ இழந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 5 லட்சம் ரூபாயை வைப்புத்தொகையாகத் தருவதாகத் தமிழக அரசு 2021 மே மாதம் அறிவித்தது. அவசியமான உதவிதான். ஆனால் வீட்டுக்குள் நடக்க வேண்டிய அந்தப் பேச்சை எந்த அரசாணையும் நடத்தித் தராது.

“எல்லாம் இந்த போனால வந்தது”

பாதிதான் சரி. பல வீடுகளில் இருந்ததே ஒரு போன். அப்பா அதை வேலைக்கு எடுத்துப் போய் ராத்திரி கொண்டுவந்த பிறகுதான் வாட்ஸ்அப்பில் வந்த வீட்டுப்பாடம் பிள்ளைக்குத் தெரியும். டேட்டா தீர்ந்தால் அதுவும் கிடையாது. அந்தப் பிள்ளைகளை வாட்டியது போன் இல்லாததுதான். போன் இருந்த பிள்ளைகளுக்கோ நண்பனின் குரலைக் கேட்க வேறு வழி இல்லை. தோழியிடம் அரைமணி பேசுவதும், நடுராத்திரியில் தனியாக ரீல்ஸ் தள்ளிக்கொண்டே இருப்பதும் ஒன்றல்ல. பறிபோகும் தூக்கத்தைத்தான் காக்க வேண்டும். பதின்வயதில் உடம்பின் கடிகாரம் இயல்பாகவே பின்தள்ளிப் போகும். பள்ளி மணியும் இல்லாதபோது அது கட்டவிழ்ந்துவிடும். எழுந்திருக்க ஒரு நேரம், சேர்ந்து சாப்பிட ஒரு வேளை, ராத்திரி போன் சார்ஜ் ஆகும் இடம் கூடம். பெரியவர்களின் போனும் அங்கேயே இருந்தால்தான் இது நடக்கும்.

“தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்த மாதிரி”

இல்லை. கேட்பதால் எண்ணம் வருவதில்லை என்பதை ஆய்வுகள் மறுபடி மறுபடி காட்டியிருக்கின்றன. “வாழவே வேண்டாம்னு தோணுதா?” என்று நிதானமாகக் கேளுங்கள். “ஆமாம்” என்றால் அதிர்ச்சி காட்டாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள், தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

“கொரோனா தலைமுறையே பாழாப்போச்சு”

இதுவும் தவறு, பிள்ளைகளின் காதில் விழும்போது கொடுமையும்கூட. மேலே சொன்ன எண்கள் அறிகுறிகளைப் பற்றியவை, நோயைப் பற்றியவை அல்ல. பெரும்பாலான பிள்ளைகள் மீண்டுவிடுவார்கள். தன்னை நம்பும் பெரியவர் ஒருவராவது பக்கத்தில் இருந்தால் மீள்வது எளிது. மீள முடியாமல் தவிப்பவர்களை அடையாளம் காண்பதுதான் நம் வேலை.

“டாக்டர்கிட்ட போனா பைத்தியம்னு பேர் வந்துடும்”

2021-இல் யுனிசெஃப் 21 நாடுகளில் 15 முதல் 24 வயதுள்ளவர்களிடம் கேட்டது. மனநலச் சிக்கலுக்குப் பிறரிடம் உதவி கேட்பது நல்லது என்றவர்கள் சராசரியாக 83 சதவீதம். இந்தியாவில் 41 சதவீதம்தான். வாய்திறந்து சொல்லக் கூடாது என்று பழக்கியது வீட்டில் இருக்கும் நாம்தான்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு 1098. பிள்ளை பேச மறுத்தால் அம்மாவோ அப்பாவோ அழைக்கலாம். வயிற்றுவலி, தூக்கம், கோபம் என்று கண்ணில் பட்டதை மட்டும் சொன்னால் போதும். அடுத்து என்ன செய்வது என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.